சின்டோபா கேட்டு வருகிறவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்

கடலூர், சிதம்பரம் மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருந்துக்கடை நண்பர்களே,

மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், சிதம்பரத்தின் நான்கு தேரோடும் வீதிகள், அண்ணாமலை நகர் சாலை என்று இந்தப் பக்கம் முழுக்கக் கடை வைத்திருப்பவர்களுக்கும், அந்தக் கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்ற கால் நிற்க மருந்து எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய். மாதம் தவறாமல் உங்கள் கடைப்படி ஏறுகிறவர்களில் நானும் ஒருத்தி.

கேட்க வந்தது ஒன்றுதான். யாராவது பார்க்கின்சனுக்கான சின்டோபாவோ டைடோமெட்டோ கேட்டு வந்தால், அதே பில்லில் வேறு என்னென்ன போகிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். கேஸ் மாத்திரை, வாந்தி மாத்திரை, தலைசுற்றல் மாத்திரை, ரத்தத்துக்கு மாத்திரை, புரோட்டீன் பவுடர், மலச்சிக்கலுக்கு மருந்து: இவற்றில் ஏதாவது ஒன்று அந்த சின்டோபாவின் வேலையைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். மூளைக்கான மருந்து என்று நாம் நினைக்கிற அந்த மாத்திரை மூளைக்குப் போய்ச் சேருமா, எப்போது சேரும், எவ்வளவு சேரும் என்பதெல்லாம் வயிற்றிலும் சிறுகுடலிலும்தான் முடிவாகிறது.

இதை டாக்டர்களிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், நரம்பியல் மருத்துவரைப் பார்க்க நம் ஊர்க்காரர்களில் பலர் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ போகிறார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறைதான் அந்தச் சந்திப்பு. சர்க்கரைக்கு ஒரு டாக்டர், நெஞ்செரிச்சலுக்குத் தெருக்கோடி கிளினிக், முட்டி வலிக்கு இன்னொருவர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. எல்லாச் சீட்டும் ஒன்றாக வந்து சேருகிற ஒரே இடம் உங்கள் மேஜை. சீட்டே இல்லாமல் வாங்குவதும் அங்கேதான். உங்களில் பலர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே பார்மசி படித்தவர்கள். கீழே எழுதியிருப்பதில் பாதி உங்களுக்குப் பாடமாக வந்ததாக இருக்கும். நோயாளியின் வீட்டுக்குள் அது என்னவாக நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

மாத்திரையின் பயணத்திலிருந்து தொடங்கலாம். பார்க்கின்சன் நோயில் மூளையின் ஒரு பகுதியில் டோபமின் சுரக்கிற செல்கள் அழிந்துகொண்டே வருகின்றன. டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் அது நுழையாது. அதன் முந்தைய வடிவமான லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமினாக மாறும். 1967இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்ஸியாஸ், டோபாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பெரிய அளவுகளில் கொடுத்து, உறைந்து கிடந்த நோயாளிகள் எழுந்து நடக்கக் கண்டார். ஆனால் குடல் சுவரிலும் கல்லீரலிலும் ஒரு நொதி இருக்கிறது. அது லெவோடோபாவை வழியிலேயே டோபமினாக மாற்றிவிடும். அந்த டோபமினால் மூளைக்குப் பயன் இல்லை. குமட்டல், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் அதனால்தான். அந்த நொதியைக் கட்டிப்போடத்தான் கார்பிடோபாவைச் சேர்த்தார்கள்.

இங்கே உங்கள் அலமாரிக்கு வருவோம். சின்டோபா 110 என்கிற அட்டையும் சின்டோபா பிளஸ் என்கிற அட்டையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டிலும் லெவோடோபா 100 மி.கி.தான். கார்பிடோபா மட்டும் 110இல் 10 மி.கி., பிளஸ்ஸில் 25 மி.கி. குடல் சுவரில் உள்ள நொதியைச் சரியாகக் கட்ட ஒரு நாளைக்கு 70 முதல் 100 மி.கி. வரை கார்பிடோபா வேண்டும். மூன்று வேளை பிளஸ் போட்டால் 75 கிடைக்கும். மூன்று வேளை 110 போட்டால் 30தான். ‘பிளஸ் ஸ்டாக் இல்லை, இது அதேதான், போட்டுக்கோங்க’ என்று மாற்றிக் கொடுத்தால் லெவோடோபாவின் அளவு மாறாது, அதன் காவல்தான் குறைந்துபோகும்.

எங்கள் வீட்டில் இது நடந்தது. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, அந்தத் தம்பி நல்லெண்ணத்தோடுதான் மாற்றிக் கொடுத்தார். இரண்டாம் நாளே என் கணவருக்குக் குமட்டல். சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார். நான் ஊரில் இல்லாத நேரம். வீட்டிலிருந்த பையன் வேறொரு கடைக்குப் போய் வாந்திக்கு மாத்திரை கேட்க, மெட்டோகுளோப்ரமைடு கொடுத்தார்கள். அது டோபமின் போய் உட்காருகிற இடங்களையே அடைக்கிற மருந்து. மூளைக்குள்ளும் போகும். அடுத்த நாள் காலையில் அவர் கூடத்திலிருந்து சமையலறை வாசல் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டார். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போல. குதிகால் தூக்குகிறது, விரல்கள் நகரவில்லை. ‘காலை எடுங்க’ என்றால், ‘எடுக்கத்தான் பார்க்கிறேன்’ என்று மெல்லிய குரலில் சொல்கிறார். நோய் முற்றிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டரிடம் போனில் கேட்டு வாந்தி மாத்திரையை நிறுத்தி, பழைய பிளஸ்ஸை வாங்கிக் கொடுத்த பிறகு ஒரு வாரத்தில் பழைய நடை திரும்பியது.

ஆகவே பார்க்கின்சன் இருப்பவருக்கு மெட்டோகுளோப்ரமைடு வேண்டாம். தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் நாம் சாதாரணமாகக் கொடுக்கிற புரோகுளோர்பெரசினும் அதே வகை. சின்னரிசினும் ஃப்ளூனரிசினும்கூட வயதானவர்களுக்கு நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டுவரும். குமட்டலுக்கு நரம்பியல் மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதுவது டோம்பெரிடோன், ஏனென்றால் அது மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. அதையும் இதயத் துடிப்பில் கோளாறு உள்ள முதியவர்களுக்குப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால் சீட்டோடு வரச் சொல்லுங்கள்.

கேஸ் மாத்திரையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் வயிற்றில் என்ன செய்தாலும் ‘அல்சர்’, ‘கேஸ்’ என்ற இரண்டு வார்த்தைகள்தான். காலையில் எழுந்ததும் பான்டோப்ரசோல், ரபெப்ரசோல் போடுவது பல் தேய்ப்பது போலாகிவிட்டது. இந்த கேப்சூல்களில் பல, கூட்டு மருந்துகள். பெயருக்குப் பின்னால் ‘டி’ என்று வந்தால் பெரும்பாலும் டோம்பெரிடோன், ‘எல்’ என்று வந்தால் பெரும்பாலும் லெவோசல்பிரைடு. இந்த லெவோசல்பிரைடுதான் எனக்குப் பெரிய பயம். பெயரில் ‘லெவோ’ இருப்பதால் லெவோடோபாவின் உறவு போலத் தோன்றும். வேலை நேர் எதிரானது, டோபமினைத் தடுப்பது. பார்க்கின்சன் இல்லாதவருக்கே மாதக்கணக்கில் கொடுத்தால் கை நடுக்கம், முகத்தில் உணர்ச்சி இல்லாமை, சின்ன அடி வைத்து நடப்பது என்று அச்சு அசல் பார்க்கின்சன் போலவே கொண்டுவந்து நிறுத்தும். மருந்தை நிறுத்தினால் பலருக்குச் சரியாகிவிடும். நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல், நடுக்கத்துக்கு சின்டோபாவும் கேஸுக்கு லெவோசல்பிரைடும் ஒரே பில்லில் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பில்லை அடிக்கிற கை உங்களுடையது. ஒரு வார்த்தை சொல்ல உங்களால்தான் முடியும்.

இனி அமிலத்துக்கு வருகிறேன். வயிற்று அமிலம் லெவோடோபாவுக்கு நண்பனா, எதிரியா என்றால், இரண்டும்தான். லெவோடோபா அமிலத்தில் நன்றாகக் கரையும். சில மருத்துவர்கள் சாதாரண மாத்திரையை வைட்டமின் சி கலந்த தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்வது அதனால்தான். வயதாக ஆகச் சிலருக்கு அமிலச் சுரப்பு குறையும், அதன்மேல் கேஸ் மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் மாத்திரை கரைவது மந்தமாகலாம். ஆனால் வயிற்றிலிருந்து லெவோடோபா ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. சிறுகுடலின் மேல்பகுதிக்குப் போனால்தான் உறிஞ்சப்படும். வயிற்றின் கீழ்வாசல் திறந்து அதை அனுப்பியாக வேண்டும். பார்க்கின்சன் நோயே அந்த வாசலைச் சோம்பலாக்கிவிடுகிறது. வயிற்றில் அமிலமும் உணவும் நிறைய இருந்தால் வாசல் இன்னும் தாமதமாகத் திறக்கும்.

1970இல் லெட்டிசியா ரிவேரா-கலிம்லிம் என்ற மருத்துவரும் உடன் பணிபுரிந்தோரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். லெவோடோபா அவருக்குப் பலனே தரவில்லை. காரணம் தேடிப் போனபோது, மருந்து வயிற்றை விட்டு நகராமல் அங்கேயே கிடந்து வீணாவது தெரிந்தது. அமில முறிப்பான் கொடுத்ததும் மருந்து வேலை செய்யத் தொடங்கியது. மூளையில் தேடிக்கொண்டிருந்த பதில் வயிற்றில் இருந்தது. ஒருவருக்கு அமில முறிப்பான் உதவியது என்பதற்காக எல்லோருக்கும் கொடுத்துவிட முடியாது. மெக்னீசியம் ஆக்சைடு போன்ற காரத்தன்மையுள்ள பொருளோடு சேர்ந்தால் லெவோடோபா சிதையும் என்று ஜப்பானியர்கள் காட்டியிருக்கிறார்கள், அங்கே மலச்சிக்கலுக்கு அது வழக்கமான மருந்து. நம் ஊரில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் வெள்ளை டானிக்குகள் பலவற்றில் மில்க் ஆஃப் மெக்னீசியா இருக்கிறது. ஜெலுசில், டைஜின் வகைகளிலும் அலுமினியமும் மெக்னீசியமும் உண்டு. இவற்றைக் கொடுக்கும்போது ‘சின்டோபாவோடு சேர்த்துப் போடாதீங்க, ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்க’ என்று சொன்னால் போதும். கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் வேண்டாம். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சாப்பிடுகிறவருக்கு அது வயிற்றைக் காப்பதாக இருக்கலாம். ‘இதை யார் எழுதினாங்க, எவ்வளவு நாளா போடறீங்க?’ என்று கேட்டு, அடுத்த முறை நரம்பியல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இத்தனையும் தாண்டிச் சிறுகுடலுக்கு வந்தால் அங்கே வேறொரு கூட்டம் காத்திருக்கிறது. நான் ஆசிரியையாக இருந்தபோது குடல் பாக்டீரியா என்றால் வைட்டமின் தயாரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் என்று ஒரு பத்தியில் முடித்துவிடுவோம். 2019 ஜனவரியில் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து சாஹர் எல் ஐடியின் குழுவும், அதே ஆண்டு ஜூனில் ஹார்வர்டிலிருந்து வாயு மைனி ரெக்தால், எமிலி பால்ஸ்கஸ் குழுவும் தனித்தனியாக ஒரே செய்தியைச் சொன்னார்கள். குடலில் வாழும் எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியாவிடம் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கிற ஒரு நொதி இருக்கிறது. லெவோடோபாவின் உருவம் டைரோசினைப் போலவே இருப்பதால் அதையும் பிடித்து டோபமினாக்கிவிடுகிறது. எகர்தெல்லா லென்டா என்ற இன்னொரு பாக்டீரியா அந்த டோபமினையும் எடுத்து மெட்டா-டைரமின் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது.

நம் குடல் சுவரின் நொதியைக் கட்டிப்போடுகிற கார்பிடோபா, பாக்டீரியாவின் நொதியைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. வேலை ஒன்றாக இருந்தாலும் இரண்டு நொதிகளின் அமைப்பு வேறு. ஹார்வர்ட் குழு பாக்டீரியாவின் நொதியை மட்டும் தடுக்கிற ஒரு வேதிப்பொருளைக் கண்டு எலிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் ரத்தத்தில் லெவோடோபா கூடியது. நீங்கள் விற்கிற மருந்தாக அது இன்னும் ஆகவில்லை. குரோனிங்கன் குழு நோயாளிகளின் மலத்தைச் சோதித்தது. அந்த நொதிக்கான மரபணு அதிகமாக இருந்தவர்களுக்கு லெவோடோபாவும் அதிக அளவில் தேவைப்பட்டிருந்தது. ‘அவங்க அப்பாவுக்கு ஒரு நாளைக்கு மூணு மாத்திரையில சரியா இருக்கு, எங்க அம்மாவுக்கு ஆறு போட்டும் பத்தலை’ என்று உங்கள் கடை வாசலில் பேசிக்கொள்கிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அம்மாவின் நோய் முற்றியதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இதைப் படித்ததும் ஒருவர் நினைக்கக்கூடும்: அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால் என்ன? ஆன்டிபயாடிக் ஒரு அட்டை கொடுத்துவிட்டால் என்ன? தயவுசெய்து வேண்டாம். இத்தாலியில் அல்ஃபோன்சோ ஃபசானோவின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறுகுடலில் அளவுக்கு மீறி பாக்டீரியா வளர்ந்திருந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்ததும் மருந்தின் பலன் ஏறுவதும் இறங்குவதுமான தொல்லை குறைந்தது உண்மை. ஆனால் ஆறு மாதத்துக்குள் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அது திரும்பி வந்தது. வயிற்றில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரியின் கதையும் இப்படித்தான். ரோம் நகர மருத்துவர்கள் 2006இல் அதை ஒழித்தால் லெவோடோபா நன்றாக உறிஞ்சப்படுகிறது என்று சொன்னார்கள், உலகம் முழுக்க நம்பிக்கை பிறந்தது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் அதைச் சரியான முறையில், பாதிப்பேருக்கு உண்மை மருந்தும் மீதிப்பேருக்குப் போலி மாத்திரையுமாகக் கொடுத்துச் சோதித்தார்கள். 2020இல் முடிவு வந்தது: கிருமியை ஒழித்ததால் நடையிலோ அசைவிலோ முன்னேற்றம் இல்லை. புண் இருந்து டாக்டர் எழுதினால் அந்த மருந்து வேண்டியதுதான். பார்க்கின்சன் நல்லாகும் என்று வாங்கிப் போட வேண்டாம்.

அதே மலாயாக் குழு இன்னொன்றும் செய்தது. மலச்சிக்கல் உள்ள பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பல வகை நல்ல பாக்டீரியாக்கள் கலந்த புரோபயாடிக் கொடுத்து, மலம் கழிவது சீராவதைக் காட்டியது. இந்த நோயில் மலச்சிக்கல் சின்ன விஷயம் இல்லை. கை நடுங்க ஆரம்பிப்பதற்குப் பல வருடம் முன்பே அது வந்துவிடும். ஜேம்ஸ் பார்க்கின்சனே 1817இல் எழுதிய நூலில் அதைக் குறித்திருக்கிறார். ஆகவே புரோபயாடிக் நல்லதுதான் என்ற எண்ணம் உங்களுக்கு வரும். வரட்டும். ஆனால் எடுத்துக் கொடுக்கும் முன் அட்டையின் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தை ஒருமுறை படியுங்கள். நம் கடைகளில் விற்கும் சில கேப்சூல்களில் லேக்டோபாசில்லஸோடு ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபீகாலிஸ்’ என்றும் இருக்கும். எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸின் பழைய பெயர் அது. அப்படி விற்கப்படும் டி-110 என்ற வகையின் மரபணு முழுவதையும் காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் படித்துப் பார்த்து, அது எண்டரோகாக்கஸ் ஃபீசியம் என்று 2015இல் வெளியிட்டார்கள். லெவோடோபாவை உடைக்கிற அந்த நொதி ஃபீசியத்திலும் பரவலாக உண்டு. அந்த கேப்சூல் பார்க்கின்சன் நோயாளிக்குக் கெடுதல் செய்கிறது என்று நான் சொல்லவரவில்லை. லெவோடோபா சாப்பிடுகிறவருக்கு எண்டரோகாக்கஸ் இல்லாத வேறொரு புரோபயாடிக்கும் அதே அலமாரியில் இருக்கும்போது அதை எடுத்துக் கொடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ரத்தத்துக்கு மாத்திரை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரும்பும் லெவோடோபாவும் குடலில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் இரண்டும் சரியாக உறிஞ்சப்படாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். சத்து மாத்திரைகளிலும் இரும்பு இருக்கும்.

புரோட்டீன் பவுடர் இதைவிடப் பெரிய விஷயம். பார்க்கின்சன் உள்ளவர்கள் இளைத்துப் போவார்கள். ‘ரொம்ப வீக்கா இருக்காரு’ என்று பிள்ளைகள் வந்து கேட்பார்கள், நீங்கள் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைப்பீர்கள். காலையில் ஒரு டம்ளர் பாலில் இரண்டு ஸ்பூன், கூடவே சின்டோபா. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடல் சுவரைத் தாண்ட ஒரே வழியைத்தான் பயன்படுத்துகின்றன. மூளையின் வாசலிலும் அதே கதைதான். காலை எட்டு மணிக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்து போலத்தான் அது: படியில் ஏற்கெனவே ஐம்பது பேர் தொங்கும்போது பிறகு வருகிறவர் நிறுத்தத்திலேயே நின்றுவிடுவார். லெவோடோபாவுக்குக் காத்திருக்க நேரமும் இல்லை. கார்பிடோபாவோடு சேர்ந்தும் ரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஒன்றரை மணி நேரம்தான்.

அதற்காகக் கடலூர்க்காரரை மீன் சாப்பிடாதே என்று சொல்ல முடியுமா? சொல்லவும் கூடாது. புரதம் குறைந்தால் தசை கரையும், விழுந்தால் எலும்பு முறியும். நேரத்தை மாற்றினால் போதும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, இல்லாவிட்டால் சாப்பிட்டு ஒரு மணிக்கு மேல் கழித்து, வெறும் தண்ணீரில் மாத்திரை. பால் காபியோடு வேண்டாம். எங்கள் வீட்டில் காலையில் இட்லிக்குச் சாம்பார் வைப்பதை விட்டு, சிதம்பரத்துக் கத்திரிக்காய் கொத்சு வைக்க ஆரம்பித்தேன், பருப்பு இல்லாமல். வஞ்சிரமும் இறாலும் ராத்திரிக்குப் போயின. பகலில் வெளியே நடமாடும் நேரத்தில் மருந்துக்குப் போட்டி குறைந்தது. எல்லோருக்கும் இப்படி மாற்ற வேண்டியதில்லை. காலை மாத்திரை ஏறவே இல்லை, சாப்பிட்டதும் இறங்கிவிடுகிறது என்பவர்கள் டாக்டரிடம் கேட்டுச் செய்யலாம். டப்பாவை விற்கும்போது ‘இதை ராத்திரி குடுங்க, மாத்திரையோடு வேண்டாம்’ என்ற ஒரு வரியை மட்டும் சேர்த்து விற்றுவிடுங்கள்.

நாட்டு மருந்துக்கடை வைத்திருப்பவர்களையும் இந்த மடலில் விட்டுவிட மாட்டேன். பூனைக்காலி விதைப் பொடி கேட்டு வருகிறவர்களில் பார்க்கின்சன் உள்ளவர்கள் உண்டு. அது மூட நம்பிக்கை அல்ல. அந்த விதையிலிருந்து லெவோடோபாவை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும்தான், 1937இல். கோட்ஸியாஸின் நோயாளிகள் எழுந்து நடப்பதற்கு முப்பது வருடம் முன்பு. நம் மாநிலத்துக்கு இதில் இவ்வளவு பெரிய பங்கு இருப்பது நம் பாடப் புத்தகங்களில் வந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஆனால் பூனைக்காலியில் லெவோடோபா உண்டு, கார்பிடோபா கிடையாது. எவ்வளவு உண்டு என்பதும் விதைக்கு விதை மாறும். சின்டோபா சாப்பிடுகிறவர் டாக்டருக்குத் தெரியாமல் பூனைக்காலியையும் சேர்த்தால் அளவு கூடிக் கை கால்கள் தன்னிச்சையாக நெளிய ஆரம்பிக்கும், கண்முன் இல்லாத ஆட்கள் தெரிவார்கள். ‘இங்கிலீஷ் மருந்து ஏதாவது சாப்பிடறாரா?’ என்று கேட்காமல் அந்தப் பொடியை நிறுக்காதீர்கள். வல்லாரை கேட்டு வருகிறவர்களிடமும் உண்மையைச் சொல்லுங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையில் டி. மணிவாசகமும் உடன் ஆய்வாளர்களும் வல்லாரையின் ஏசியாட்டிக் அமிலம், தேயிலையின் தியாஃப்ளேவின் போன்றவை நரம்பு செல்களைக் காக்குமா என்று செல்களிலும் சுண்டெலிகளிலும் நல்ல ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். நம் ஊர் ஆய்வு, பெருமைதான். வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு வல்லாரைக்கு மாறுவது மட்டும் ஆபத்து.

உங்கள் சங்கத்துக் கூட்டங்களில் இதற்கு ஒரு மாலை ஒதுக்கக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணாமலை நகரில் பார்மசி துறை இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூப்பிட்டால் வந்து பேசக்கூடிய பேராசிரியர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் பில் போடுகிற கடைகள், லெவோடோபாவும் லெவோசல்பிரைடும் ஒரே பில்லில் வந்தால் ஒரு எச்சரிக்கை தோன்றும்படி மென்பொருள் விற்றவரிடம் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளலாம். அது பெரிய செலவு இல்லை.

கடைசியாக இருப்பு. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்குக் கடும் காய்ச்சலும் உடல் முழுக்க விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்த பிறகு இங்கே மின்சாரமும் போக்குவரத்தும் இல்லாமல் எத்தனை நாள் இருந்தோம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கும் முன் உங்கள் வாடிக்கையாளர்களில் யார் யார் லெவோடோபா வாங்குகிறார்கள் என்று பார்த்து, பிளஸ், 110, சி.ஆர். (மெல்ல வெளியாகும் வகை) என்று வகை பிரித்து ஒரு மாத இருப்பு வைத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்துக்காரர்கள் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் தேருக்கும் வீதிகள் அடைபடும் முன்பே நோயாளிகளின் வீடுகளுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். கேட்ட வகை இல்லாவிட்டால் வேறொன்றை எடுத்துக் கொடுக்காமல் ‘இல்லை, நாளைக்கு வரும், அந்தக் கடையில் பாருங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் அடுத்த தெருவுக்கு நடந்து போய் வாங்கிக்கொள்கிறோம்.

அன்புடன்,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்